இரண்டு ஸ்பூன்

ஜூன் 3
பேலியேட்டிவ் பாடம், அதாவது தீராத நோயில் வலியைத் தணித்துக் கவனித்துக்கொள்வது, இன்று தொடங்கியது. ஒரு நோயாளியின் நிலையை விவரித்து, இவருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய முடியாது மேடம், டெர்மினல் கேஸ்" என்றான் முன்வரிசைப் பையன். சரி என்று, அவருக்கு இன்று ஒரு நாளில் செய்யவேண்டியதைப் பலகையில் எழுதினேன். வலி மருந்து, வாய் சுத்தம், மலச்சிக்கல், புரட்டிப் படுக்கவைப்பது, மூச்சுத் திணறினால் முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஃபேன், மகளோடு பத்து நிமிடப் பேச்சு. பலகை நிறைந்துவிட்டது. பையன் அதையெல்லாம் எழுதிக்கொண்டான். மேலே தலைப்பாக "டெர்மினல் கேஸ்".

ஜூன் 4
அக்கா இரண்டு ஸ்பூன்.

ஜூன் 6
மார்ஃபின் கணக்கு. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழி 10 மி.கி. என்றால் நாளுக்கு 60. நடுவில் வலி பீறிட்டால் கொடுக்கும் கூடுதல் டோஸ் அதில் ஆறில் ஒரு பங்கு, 10. பாதி வகுப்பு 60ஐ நாலால் வகுத்தது. கணக்கைத் திருத்திவிடலாம். "வலி வந்தப்புறம்தானே மேடம் கொடுக்கணும்?" என்பதைத் திருத்தத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

சிசிலி சாண்டர்ஸைப் பற்றிச் சொன்னேன். செவிலியராக இருந்து, முதுகு ஒத்துழைக்காமல் மருத்துவ சமூகப் பணிக்குப் போய், பிறகு படித்து 1957இல் டாக்டரானவர். 1967இல் லண்டனில், கடைசிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி திரும்பும் முன்பே அடுத்த டோஸ் போய்ச் சேரவேண்டும் என்பதில் அவர் பிடிவாதம். 'மொத்த வலி' என்பதும் அவர் சொன்னதுதான்: உடம்பு வலியோடு பயம், பணக்கவலை, வீட்டுச்சண்டை எல்லாம் சேர்ந்தது.

மார்ஃபின் உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடாதா என்று வழக்கம்போல் ஒரு கேள்வி. வலிக்கு ஏற்ற அளவில் தொடங்கி, கவனித்துக் கவனித்துக் கூட்டினால் எடுக்காது. தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் அடங்காது, அதனால் அதற்கான மருந்தும் முதல் நாளே. அதை மூன்று தடவை சொன்னேன்.

ஜூன் 9
நடித்துக் காட்டும் வகுப்பு. ஒருத்தி நோயாளியின் மகள், இன்னொருத்தி நர்ஸ். "அப்பா பிழைப்பாரா சிஸ்டர்?" கேட்டு முடிப்பதற்குள் பதில்: "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்."

மறுபடி செய்யச் சொன்னேன். இந்தத் தடவை 10 நொடி வாயைத் திறக்கக் கூடாது, அப்புறம் "இன்னிக்கு என்ன பார்த்தீங்க, இப்படிக் கேக்கறீங்க?" என்று மட்டும். ஆறாவது நொடியில் வகுப்பே சிரித்துவிட்டது. மூன்று தடவை முயன்றும் ஆறைத் தாண்டவில்லை.

மார்ச்சில் நானும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். ஒரு நொடிகூட எண்ணவில்லை.

ஜூன் 10
இரவு 2 மணி மருந்துக்கு இருபது நிமிடத் தாமதம். தூங்கிவிட்டேன்.

ஜூன் 12
இன்றைய பாடம் சாப்பாடு. கடைசி நாட்களில் உடம்பு கேட்பது குறைந்துவிடும், விழுங்குவதும் தளரும், திணித்தால் புரையேறும். குடும்பத்துக்குப் பொறுமையாகப் புரியவையுங்கள், உதட்டை ஈரமாக வைத்திருங்கள், அதையே அவர்கள் கையால் செய்யச் சொல்லுங்கள். நன்றாகத்தான் நடத்தினேன். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, கைகூடக் கழுவாமல் ஸ்பூனை எடுத்துக்கொண்டு போனேன். "ஒரே ஒரு வாய்டி." அக்கா வாயை இறுக்கிக்கொண்டாள். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். சின்ன வயதில் எனக்கு ஊட்டியவள், எத்தனை கதை சொல்லி ஊட்டியிருக்கிறாள், எனக்காக ஒரு வாய் வாங்கக் கூடாதா என்று. இருபது வருடமாகக் குடும்பங்களிடம் "கட்டாயப்படுத்தாதீங்கம்மா" என்று சொல்லிவருகிறேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்! அவர்களில் ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம்.

ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டேன். அரை மணி கழித்து மறுபடி எடுத்தேன்.

ஜூன் 13
பொம்மையின் வாயை ஈரப்பஞ்சால் துடைக்கும் பயிற்சி. கடைசி பெஞ்சில் பேசவே பேசாத பெண், பொம்மையிடம் "கொஞ்சம் குளிரும், பயப்படாதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் துடைத்து முடித்தாள்.

ஜூன் 15
நாளைக்கு மூச்சு. குறிப்பு எழுதுகிறேன். கடைசி நேரத்தில் வரும் செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு: டாக்டர் ஜான் செயின் 1818இல் எழுதியது, டாக்டர் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இல். ஆழமாகி ஆழமாகி, மெலிந்து, நின்று, திரும்பத் தொடங்கும். தொண்டையில் கறகறப்பு கேட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாயை ஆழமாகப் போடாதீர்கள். நின்ற நேரத்தை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பதினொன்று. பதினான்கு. ஒன்பது.

ஜூன் 16
வகுப்புக்கு வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டேன். பஞ்சு தீர்ந்துவிட்டது, வாங்கவேண்டும்.