மன்றப் பொருளில் ஏரிக்கு ஒரு வரி

எந்த மாநகராட்சி மாமன்றக் கூட்டத்திலும் ஏரியை மூடுவோம் என்று ஓர் உறுப்பினர் எழுந்து பேசுவதில்லை. பேருந்து நிலையம் வேண்டும், குப்பை பிரிக்க ஷெட் வேண்டும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், உயர்நிலைப் பள்ளிக்கு இடம் வேண்டும் என்றுதான் பேசுவார்கள். ஒவ்வொன்றும் வார்டு மக்கள் கேட்டது, நியாயமானதும்கூட. இடம் எங்கே என்று தேடி, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைப் புரட்டினால், நில எடுப்புச் செலவும் வழக்கும் இல்லாமல் கிடைப்பது புறம்போக்குதான். ஊருக்குள் பெரிய பரப்பாக மிஞ்சியிருக்கும் புறம்போக்கோ ஏரி, குளம், ஓடை, மேய்க்கால். நீர்நிலைகள் சுருங்கியதில் தனியார் மனைப்பிரிவுகளைக் குறை சொல்வது எளிது. பொது வசதிகளின் பங்கை உள்ளாட்சியில் வேலை பார்ப்பவர்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

சென்னையிலேயே பார்க்கலாம். தியாகராய நகர் 1920களில் நீண்ட ஏரியை வற்றவைத்து எழுந்தது. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்பது இன்றும் அஞ்சல் முகவரி. பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடி குப்பைக் கிடங்கு, கழிவுநீர் நிலையம், துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை எல்லாம் பொதுக் காரியங்களே. அந்தச் சதுப்பின் ஒரு பகுதி 2007ல் காப்புக்காடானது. 2022ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் எனப்படும் உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

இதற்குப் பதிவேடும் ஒரு காரணம். ஏரி, குளம், வாய்க்காலுக்கு வருவாய்க் கணக்கில் தலைப்பு உண்டு. பருவத்தில் மட்டும் நீர் தேங்கி மற்ற மாதங்களில் வெடித்துக் கிடக்கும் சதுப்பு, பல இடங்களில் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று நிற்கிறது. மன்றத்துக்குப் போகும் குறிப்பில் 'தரிசு' என்று வந்துவிட்டால் அதன்பின் யாரும் நின்று கேட்பதில்லை. ஆகவே இடம் ஒதுக்க மன்றத்தில் வைக்கும் பொருள் (விவாதக் குறிப்பு) எதுவானாலும், புல எண்ணுக்கு எதிரே இன்றைய வகைப்பாட்டோடு பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டின் வகைப்பாட்டையும் எழுத வேண்டும். எஃப்.எம்.பி. (புல அளவைப் படம்) நகலில் வாய்க்கால் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதைச் சிவப்பில் குறிக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் எடுத்த செயற்கைக்கோள் படம் ஒன்றையும் இணைக்க வேண்டும். மே மாதப் படத்தில் எந்த ஏரியும் விளையாட்டு மைதானமாகத்தான் தெரியும்.

வளர்ச்சிக்கும் வசதிக்கும் உள்ள கணக்கை ஒரு முறையாவது முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 8 ஏக்கரில் 1,000 அடுக்குமாடி வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்றால் 4,000 பேர். தலைக்கு 135 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 5.4 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம், அதாவது 4.32 லட்சம் லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். பாதாளச் சாக்கடை அந்தத் தெருவரை வரவில்லை, வளாகத்தின் சுத்திகரிப்பு நிலையமும் சரியாக ஓடவில்லை என்றால், அந்த நீர் டேங்கர் லாரியில் ஏறிப் பக்கத்து வரத்துக் கால்வாயில் இறங்கும். அடுத்து திறந்தவெளி. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டுதல் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் சொல்கிறது. 4,000 பேருக்குக் குறைந்தபட்சம் 40,000 சதுர மீட்டர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019ன்படி ஓ.எஸ்.ஆர். (மனையில் திறந்தவெளிக்கென ஒதுக்கும் நிலம்) 10 சதவீதம், 8 ஏக்கரில் அது சுமார் 3,200 சதுர மீட்டர், உட்சாலைகளைக் கழித்தால் இன்னும் குறைவு. தலைக்கு ஒரு சதுர மீட்டர்கூடத் தேறவில்லை. மீதி 36,000க்கும் மேற்பட்ட சதுர மீட்டரை மாநகராட்சி எங்கே காட்டும்? ஏரிக்கரையில் காட்டும். 'நடைபாதையுடன் கூடிய ஏரிப் பூங்கா' என்ற கோரிக்கையின் பிறப்பிடம் இந்தப் பற்றாக்குறைதான். இது மனைக்கு அனுமதி தரும் நாளிலேயே தெரியும். ஐந்தாறு வருடம் கழித்துத்தான் மன்றத்துக்கு மனுவாக வரும்.

இதில் சங்கடம் என்னவென்றால், பெரிய கட்டுமானங்களுக்குத் திட்ட அனுமதி தருவது மன்றம் அல்ல. சென்னைப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.). அனுமதி அங்கே, சாலை, குப்பை, சாக்கடை இங்கே. அதற்காக மன்றத்தின் கை முழுதாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்ட வரைவு வரும்போது ஆட்சேபணை எழுதலாம். தன் வசமுள்ள நிலத்தைக் கேட்டு வரும் துறைகளுக்குத் தடையின்மைச் சான்று மறுக்கலாம். ஓ.எஸ்.ஆர். நிலத்தைத் தானப்பத்திரமாக வாங்கும்போது கறாராக இருக்கலாம். இந்த மூன்றாவதைத்தான் அலுவலகங்கள் மிகவும் அலட்சியமாக விடுகின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்குப் பணமாகக் கட்டித் தப்பிக்க வழியில்லை, நிலமாகத்தான் தர வேண்டும். ஆனால் கொடுப்பவர் விருப்பத்துக்கு விட்டால் உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியிலோ, வண்டி போக வழியில்லாத முக்கோண மூலையிலோதான் நிலம் வரும். மனை ஓடையை ஒட்டியிருந்தால் ஓ.எஸ்.ஆரை ஓடைப் பக்கமே வைக்கும்படி வரைபட நிலையில் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தடுத்த நான்கு மனைப்பிரிவுகளிலும் இப்படி வாங்கினால் ஓடையோரம் தொடர்ச்சியாக ஒரு பசுமைப் பட்டை கிடைக்கும். நான்கு மூலைகளில் நான்கு துண்டு வாங்கினால் நான்கு சறுக்குமரமும் எட்டு சிமென்ட் பெஞ்சும் மிஞ்சும்.

சட்டம் காப்பாற்றும் என்ற நம்பிக்கையிலும் ஓட்டை இருக்கிறது. ஈரநில விதிகள் 2017, கடந்த பத்தாண்டுச் சராசரி உயர் வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. குப்பை கொட்டுவதையும் தடுக்கிறது. ஆனால் அதே விதியின் வரையறை, பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர் அமைத்த நீர்நிலைகளை விலக்கிவிடுகிறது. தமிழ்நாட்டு ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்கு வெட்டியவை. திருப்பூர் நஞ்சராயன் குளம்போல 2022ல் பறவைகள் சரணாலயமாகி, 2024ல் ராம்சார் இடமும் ஆகிவிட்டால் கதை வேறு. பெயரில்லாத 40 ஏக்கர் ஏரிக்கு அந்தக் கவசம் இல்லை. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமோ பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை) வசமுள்ள ஏரிகளுக்கானது. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் இருந்தன. 2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனதுபோல எல்லை விரியும்போது, இப்படிப்பட்ட சின்ன ஏரிகளும் குட்டைகளும் மொத்தமாக மாநகராட்சி கணக்குக்கு வருகின்றன. அங்கே அவற்றைப் பார்க்கத் தனிப் பிரிவு இல்லை. பூங்காத் துறைக்கோ மழைநீர் வடிகால் துறைக்கோ போகின்றன. எந்தத் துறையிடம் போகிறதோ அந்தத் துறையின் பொருளாகவே ஏரி மாறிவிடும். பூங்காக்காரர்களுக்கு அது பூங்கா, வடிகால்காரர்களுக்கு அது தொட்டி.

'ஏரி மேம்பாடு' என்று வரும் விரிவான திட்ட அறிக்கைகளைக் (டி.பி.ஆர்.) கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏரி என்பது நாலு பக்கமும் கரை உள்ள குளம் அல்ல. தாழ்ந்த பக்கம் கரை, மதகு, கலங்கல் (நிறைந்த நீர் வழியும் இடம்). மேட்டுப் பக்கம் திறந்தே கிடந்து மெல்ல மெல்லச் சரிந்து மேலேறும். அந்த உள்வாய்ப் பகுதியில்தான் நீர் கணுக்காலளவு நிற்கும், மாதாமாதம் பின்வாங்கிச் சேறு காட்டும். உள்ளான், உப்புக்கொத்திப் பறவைகள் மேய்வது 10 சென்டிமீட்டருக்கும் குறைந்த நீரிலும் ஈரச் சேற்றிலும். நடைபாதைக்காகச் சுற்றுக்கரை போட்டால் முதலில் போவது இந்த இடம். கூடவே மேட்டிலிருந்து பரவி வரும் மழைநீரும் கரைக்கு வெளியே நின்றுவிடும். பிறகு அந்த நீரைப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இறைக்க மோட்டார் வாங்கத் தனித் தீர்மானம் வரும்.

அதே மதிப்பீட்டில் 'சீராக 2 மீட்டர் ஆழப்படுத்துதல்' என்று ஒரு வரி இருக்கும். கொள்ளளவு கூடும் என்பது உண்மை. ஆனால் சீரான ஆழத்தில் ஆழநீர்ப் பறவை மட்டுமே தங்கும். கரையோரம் வெட்டிப் பள்ளமாக்கி, உள்வாயில் ஐந்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம் அல்லது அதைவிட மெதுவான சரிவை விட்டுவிட்டாலே கொள்ளளவும் கிடைக்கும், பறவைகளின் மேய்ச்சலும் தப்பும். சம்பையும் நாணலையும் மொத்தமாக வழித்தால் நீலத் தாழைக்கோழிக்கு மறைவிடம் இல்லை. அல்லி, ஆம்பல் படர்ந்த இடம் போனால் இலைக்கோழி போகும். ஆகாயத் தாமரையை எடுக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கழிவுநீர் வரும் குழாயை அடைக்காமல் எடுத்தால் சில மாதத்தில் பழையபடி மூடும், அடுத்த ஒப்பந்தமும் தயாராகும்.

மரம் அகற்றுவதில் நடப்பது தனிக் கூத்து. ஒப்பந்தத்தில் 'கருவேலம் அகற்றுதல்' என்று மொட்டையாக எழுதினால், சீமைக் கருவேலத்தோடு நாட்டுக் கருவேலமும் ஜே.சி.பி.யில் போய்விடும். ஏரிக்குள் நீரில் நின்று கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் கூடு தாங்குவது நாட்டுக் கருவேலம். அதன் பூ உருண்டை மஞ்சள், காய் மணி கோர்த்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்குப் பூ விரல்நீளக் கொத்து, காய் ஒடுங்காமல் நீளும். இந்த அடையாளத்தை, வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தோடு ஒட்டி, வெட்டக் கூடாத மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்து எண் போட்டுவிட்டுத்தான் வேலை உத்தரவு தர வேண்டும். வேலைக்காலமும் முக்கியம். வலசைப் பறவைகள் அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடையில் வேலை செய்தால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைப்பார்கள். ஆள்காட்டி தரையில் முட்டையிடுவதே கோடையில்தான். ஆகவே ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று இரண்டு கணக்கெடுப்பாவது வேண்டும். பல்லுயிர்ச் சட்டம் 2002ன்படி அமைத்த பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் உயிரினப் பதிவேடு இங்கே உதவ வேண்டும். ஆனால் 2020 ஜனவரிக்குள் முடிக்கப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்த அவசரத்தில், மேஜையிலேயே நிரப்பிய பதிவேடுகள் பல. ஒரு ஊரின் பறவைப் பட்டியல் அடுத்த ஊரிலும் எழுத்துப்பிழையோடு இருக்கிறது.

மழைநீர் வடிகால் மதிப்பீட்டில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டே: வடிகால் ஏரியில் விழும் இடத்தின் அடிமட்டம், ஏரியின் முழு நீர்மட்டம். இரண்டும் கடல்மட்டத்திலிருந்து மீட்டரில், ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்து (மட்டம் அளக்கும் நிலையான குறி) எடுத்ததாக இருக்க வேண்டும். வடிகால் அடிமட்டம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஏரி நிறைந்த அன்று நீர் எதிர்த்துத் தெருவுக்குள் ஏறும். மறுவாரமே கலங்கலை ஓரடி இறக்கச் சொல்லி மனு. 50 ஏக்கர் ஏரியில் கலங்கலை ஓரடி இறக்கினால் ஏறத்தாழ 6 கோடி லிட்டர் சேமிப்பு போகும். உள்வாயில் சில நூறு அடி நிலம் நிரந்தரமாகக் காயும். காய்ந்த நிலத்துக்கு அடுத்த கூட்டத்தில் 'தரிசு' என்று பெயர் வரும், அதன்மேல் ஒரு நூலகமோ அங்கன்வாடியோ வரும்.

மன்றம் நியாயமாக யோசித்து 'வாழிடம் பாதிக்காத வகையில், நிபந்தனைகளுக்குட்பட்டு அனுமதிக்கலாம்' என்று தீர்மானம் போடுவதும் உண்டு. அந்த வாக்கியம் யாருக்கும் வேலை தருவதில்லை. நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு அலுவலர், முடிக்க வேண்டிய தேதி, செலவுத் தலைப்பு மூன்றும் எழுதியிருக்க வேண்டும். எழுதாத நிபந்தனைக்குத் தணிக்கையில்கூடக் கேள்வி வராது. முதல் நிபந்தனையாக எல்லைக்கல் இருக்கட்டும். தாசில்தார் அலுவலக நில அளவர் முன்னிலையில் நட்டு, ஒவ்வொரு கல்லின் ஆயத்தொலையும் (இடத்தைக் காட்டும் எண்கள்) தீர்மான நகலிலேயே இணைக்கப்பட்டு, அதற்கான பணம் கட்டுமான ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். கல் நட்ட அளவைச் சான்று கோப்பில் சேரும்வரை ஒப்பந்தக்காரருக்கு இடத்தை ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் உதவிப் பொறியாளருக்கும் அது வசதிதான். யார் நெருக்கினாலும் அந்த வரியைக் காட்டலாம்.