தலையைக் கையில் ஏந்தி வரும் டாக்டர்

நேற்று ராத்திரி மறுபடியும் 'ரீ-அனிமேட்டர்' (1985) பார்த்தேன். இந்த அமெரிக்கத் திகில் படத்தின் மேல் எனக்கு அப்படியொரு பிரியம்.

இதன் மூலக்கதை, திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1921-22-ல் ஒரு சின்னப் பத்திரிகைக்கு, பகுதிக்கு 5 டாலர் என்று 6 பகுதிகளாக எழுதிய தொடர். அவருக்கே பிடிக்காத கதை. சிகாகோ நாடக மேடையிலிருந்து வந்த ஸ்டூவர்ட் கார்டன் அதையே தன் முதல் சினிமாவாக எடுத்தார். கையில் காசு கிடையாது. செத்தவர்களை எழுப்பும் அந்தப் பச்சை மருந்து, இருட்டில் ஒளிரும் குச்சிகளுக்குள் இருக்கும் திரவம்தான்! வெட்டுப்பட்ட தன் தலையைத் தானே தூக்கிக்கொண்டு டாக்டர் ஹில் நடப்பார் பாருங்கள், தோள்பட்டை பொய் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

காரணம் ஜெஃப்ரி கோம்ஸ். சுற்றிலும் ரத்தமும் குடலுமாகக் கிடக்க, அந்த மருந்தும் கையுமாக அலையும் மருத்துவ மாணவன் ஹெர்பர்ட் வெஸ்ட்டாக நடிக்கும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட வராது. பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி அத்தனை மும்முரம். நமக்குத்தான் சிரிப்பும் பயமும் ஒன்றாக வரும். (பின்னணி இசையில் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' பட இசையின் சாயல் அப்பட்டமாகக் கேட்கும், அதுவும் எனக்குப் பிடிக்கும்.)

கடைசிக் காட்சியில் திரை முழுக்க இருண்டுவிடும். ஊசியில் அந்தப் பச்சை வெளிச்சம் மட்டும் மிச்சம். பிறகு ஒரு அலறல். நேற்றும் சிலிர்த்தது.