ஆவுளியா: மெதுவாகப் பெருகும் ஓர் உயிர்

பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு, ஏறத்தாழ 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்றாலும், ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈன்று, அடுத்த ஈற்றுக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை இடைவெளி விடுகிறது. எல்லாம் கூடிவந்தாலும் அதன் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காடுதான் பெருகும். இந்தியக் கடல்களில் சில நூறு மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் நிலையில், வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இறக்கும் ஒவ்வொரு தாயும், அது இனி ஈன்றிருக்கக்கூடிய கன்றுகளையும் சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரில் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டதை மனமார வரவேற்கிறேன். தம் வலையையே அறுத்து அவற்றை உயிருடன் கடலில் விடும் மீனவர்கள் அதைவிடப் பெரிய நம்பிக்கையைத் தருகிறார்கள்.