தாபரிப்பு வழக்கு: படம் வேண்டாம், சம்பளச் சீட்டு எங்கே?

போன வாரம்தான் எனக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புக் கட்டளை, அதாவது புருசன் மாதாமாதம் செலவுக்குக் காசு கட்ட வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு, கிடைத்தது. காசு இன்னும் கைக்கு வரவில்லை. ஆனாலும் தோட்டத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம், "உன் புருசன் கொழும்புல இன்னொருத்தியோட இருக்கான், அதைச் சொன்னா போதாதா?" என்று கேட்பதால் எழுதுகிறேன்.

போதாது. நீதவான் நீதிமன்றத்தில் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி வழக்குப் போட்டால், புருசனுக்கு வசதி இருக்கிறதா, இருந்தும் பார்க்காமல் விட்டாரா, உங்களால் தனியாகச் சமாளிக்க முடியாதா என்றுதான் பார்க்கிறார்கள். நான் சேர்த்து வைத்திருந்த அவர்கள் இருவரின் படங்களை சட்டத்தரணி மிஸ் ஒரு தடவை புரட்டிவிட்டு, "இது விவாகரத்துக்கு வைங்க, சம்பளச் சீட்டு இருக்கா?" என்றார். விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில், தனி வழக்கு. கள்ளத் தொடர்பு அங்கேதான் ஒரு காரணமாக நிற்கும், பொதுவாக அந்தப் பெண்ணையும் வழக்கில் இழுக்க வேண்டும்.

அழைப்பாணை போய்ச் சேர்ந்ததே பெரிய கதை. நான் கொடுத்த விலாசம் அவருடைய பழைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அங்கே வீட்டுக்கு இலக்கம் கிடையாது, தபால் எல்லாம் தோட்ட ஆபீஸில் குவியும். "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தது. நீதிமன்றக் கந்தோரில் கேட்டால், தலையை நிமிர்த்தாமலே "சரியான விலாசம் கொண்டு வாங்க" என்கிறார் ஒருவர், அதுவும் சிங்களத்தில். வேலை செய்யும் கடையின் விலாசம் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை எனக்குச் சொன்னது வெளியில் மரத்தடியில் காத்திருந்த ஒரு அக்கா.

விவாகச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. வழக்குப் போடும் முன்பே, இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

அப்புறம்தான் வயிறு எரிந்தது. தாபரிப்புக் கேட்கிற ஆள் வேறொருவரோடு குடும்பம் நடத்தினால் அவருக்குக் கட்டளை இல்லை என்று அதே சட்டத்தில் இருக்கிறது. உடனே அந்த மனுசன் தரப்பில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரத் தம்பியோடு என்னைச் சேர்த்துப் பேசினார்கள். கொழும்பில் குடித்தனம் நடத்துவது அவர், பதில் சொல்ல வேண்டியது நான்! சாட்சிக்கு வந்தவர் நாத்தனார். "எந்த வீட்டுல ஒண்ணா இருக்காங்க?" என்று மிஸ் கேட்டார். நாத்தனார் முதலில் மேல் லயம் என்றார், பிறகு டவுன் என்றார், கடைசியில் "ஊரே பேசுது" என்று நிறுத்திக்கொண்டார். தொடர்ந்து சேர்ந்து வாழ்வதைக் காட்ட வேண்டும், ஊர்ப்பேச்சு எடுபடாது. அப்படியே நிரூபித்திருந்தாலும் பிள்ளைகளின் பங்கு போகாது.

இன்னொன்று முக்கியம். பொலிசிலோ தோட்டத் தலைவர் வீட்டிலோ "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்" என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். மனைவியின் தாபரிப்பு அதிலேயே அடிபடும். எங்கள் மாமா எனக்கும் ஒன்று எழுதிக் கொண்டுவந்தார், நல்லெண்ணத்தில்தான். நான் தொடவில்லை.

வக்கீல் காசுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.

கட்டளை வந்ததும் சான்றுப்படுத்திய பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். மாதக் காசு கட்டாவிட்டால் மறியலுக்கு (சிறைக்கு) அனுப்பவும் சட்டத்தில் இடமிருக்கிறது, சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லியும் கேட்கலாம். நான் இரண்டாவதைத்தான் கேட்கப்போகிறேன். அவர் உள்ளே போனால் எனக்கு யார் காசு கட்டுவது?