பதினெட்டு புள்ளி எட்டு

"மூணு தடவை பாத்துட்டேன் சார். பதினெட்டு புள்ளி எட்டுதான் வருது."

"மூணு தடவையும் தப்பாப் பாத்திருப்ப. எல்லாருக்கும் பத்தொன்பது புள்ளி ஆறு வருது, உனக்கு மட்டும் எப்படிம்மா? அதையே எழுது. டைம் ஆகுது."

இவ்வளவுதான் பேச்சு. அரை நிமிஷம்கூட இருக்காது. பிளஸ் டூ பிராக்டிகல், மத்தியான பேட்ச். எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இரண்டு மேசை தள்ளி ஒரு பையனிடம் வைவா, வாய்மொழிக் கேள்வி, கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு வினாடி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினாள். நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரீட்சை அறையில் வாத்தியார் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் பிராக்டிகல் நாளில் சோதனைக்கூடத்தில் நின்ற எந்தக் கெமிஸ்ட்ரி வாத்தியாரும் "இன்னொரு தடவை பாரு" என்றாவது சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். நான் ஒரு படி கூடப் போய்விட்டேன்.

ஒரு படியா, பத்துப் படியா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்றைய சோதனை ஆக்சாலிக் அமிலத்தின் எடை கண்டுபிடிப்பது. திட்டக் கரைசலும், அதாவது வீரியம் தெரிந்த கரைசலும், ஆக்சாலிக் அமிலம்தான். சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டு அமிலத்தையும் ஒப்பிட உதவும் இணைப்புக் கரைசல். ஹைட்ராக்சைடை நம்பி எடை போட முடியாது. தராசில் வைத்த மாத்திரத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், கார்பன் டை ஆக்சைடையும் வாங்கிக்கொள்ளும். ஆக்சாலிக் அமிலம் அப்படியில்லை. சமான எடை 63, லிட்டருக்கு 6.3 கிராம் நிறுத்துப் போட்டால் வீரியம் 0.1 நார்மல், சந்தேகமே இல்லை. அதனால் முதல் டைட்ரேஷனில் தெரிந்த அமிலத்தை வைத்து ஹைட்ராக்சைடை அளப்போம். இரண்டாவதில் அதே ஹைட்ராக்சைடை வைத்துத் தெரியாத அமிலத்தை அளப்போம். டைட்ரேஷன் என்றால், பிப்பெட்டால் அளந்து குடுவையில் விட்ட ஹைட்ராக்சைடின் மேல், நிறம் போகும்வரை பியூரெட் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. எத்தனை மில்லி அமிலம் போனது என்பதுதான் ரீடிங்.

இதில் ஹைட்ராக்சைடு எவ்வளவு வீரியம் என்பது ஒரு பொருட்டே இல்லை. இரண்டுக்கும் ஒரே பாட்டிலாக இருந்தால் போதும். படிக்கல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், இரண்டு மூட்டையையும் அதே கல்லில் நிறுத்தால் ஒன்று இன்னொன்றைப் போல எத்தனை மடங்கு என்பது மாறாதே. இந்தப் படிக்கல் கதையை வருஷா வருஷம் போர்டில் படம் போட்டுச் சொல்கிறவன் நான். அந்த அரை நிமிஷத்தில் அது என் புத்தியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பேப்பர் திருத்தும்போதுதான் விஷயம் தெரிந்தது. அவளுக்குக் கொடுத்த அமிலத்தில் அரை லிட்டருக்கு 3.43 கிராம் வர வேண்டும். அவள் எழுதியிருந்தது 3.57. நாலு சதவீதம் பிழை. முழு மதிப்பெண் கிடையாது. எக்ஸ்டர்னல் பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரீடிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. புள்ள கணக்குல எங்கயோ விட்டிருச்சு போல" என்றார்.

கணக்கு சரி. நான் அப்போதே மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் டைட்ரேஷன் 19.6, அது நான் கொடுத்தது. இரண்டாவது 17.3, அது அவள் பார்த்தது. தெரியாத அமிலம் ஆளாளுக்கு வேறு என்பதால் அங்கே நான் கை வைக்க வழியில்லை. 19.6-க்குப் பதிலாக அவளுடைய 18.8-ஐப் போட்டால் விடை 3.42. கிட்டத்தட்ட அச்சாக வந்திருக்கும்.

"ஆமா சார்" என்றேன் எக்ஸ்டர்னலிடம்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? முதல் ரீடிங் எப்படி 19.6 ஆனது என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் என்னோடு போகாது, அந்தப் பெண்ணின் பேப்பருக்கே வில்லங்கம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் எனக்கு மெமோ வருமே என்ற நினைப்பு அதற்கு முன்னாடியே வந்துவிட்டது என்பதும் உண்மை.

ராத்திரி படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். பியூரெட்டைத் தண்ணீரில் மட்டும் கழுவிவிட்டு அமிலம் ஊற்றியிருந்தால் ரீடிங் கூடத்தான் செய்யும், குறையாது. பிப்பெட்டில் தண்ணீர் நின்றிருந்தால் முதல் ரீடிங் கெடும். மூன்றும் ஒரே மாதிரி கெடாது. நிறம் போகுமுன்னே நிறுத்தியிருப்பாளோ? ஹைட்ராக்சைடுக்கு நிறம் கொடுக்கச் சேர்க்கும் பினாப்தலீனில் இளஞ்சிவப்பு மறைகிற இடம் கண்ணுக்குக் கொஞ்சம் மோசம்தான். வெள்ளை ஓட்டின் மேல் வைத்துப் பார்த்தாலும் போய்விட்டதா இல்லையா என்று ஒரு சொட்டு, இரண்டு சொட்டு தடுமாறும். ஆனால் 0.8 மில்லி என்பது சுமார் பதினாறு சொட்டு. பதினாறு சொட்டுக்கு முன்னால் குடுவை ரோஸ் மில்க் மாதிரி இருக்கும். யாரும் அங்கே நிறுத்த மாட்டார்கள்.

மிச்சம் பாட்டில். எங்கள் பள்ளியில் லேப் அசிஸ்டன்ட் இடம் காலி. காலை பேட்ச் முடிந்த கையோடு கால் லிட்டர் பாட்டில்களைக் கழுவி, வடியவிட நேரமில்லாமல், கேனிலிருந்து ஹைட்ராக்சைடு ஊற்றி வைத்தது நான்தான். விரலெல்லாம் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டிலில் பத்து மில்லி தண்ணீர் நின்றிருந்தால் போதும், கணக்கு சரியாக உட்கார்ந்துவிடும்.

நிரூபிக்க வழியில்லை. பேப்பரைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சிங்கில் கொட்டிக் கழுவியாகிவிட்டது. சில சமயம் அதில் ஒரு ஆறுதல்கூடத் தோன்றுகிறது. அவளே பிப்பெட்டைக் கோட்டுக்குக் கீழே நிறுத்தி எடுத்திருக்கலாமே? மூன்று தடவையும் அதே இடத்தில்? ஆனால் அப்படிச் செய்திருந்தாலும், இரண்டாவதிலும் அதையே செய்திருப்பாள், இரண்டும் ஒன்றுக்கொன்று கழிந்து விடை சரியாகத்தான் வந்திருக்கும். எந்தப் பக்கம் சுற்றினாலும் அவள் சரி.

மதிப்பெண்ணாகப் பார்த்தால் பெரிய இழப்பில்லை. பாஸ் செய்தாள், கல்லூரிக்கும் போனாள். டி.சி. வாங்க வந்தபோது வராந்தாவில் "வணக்கம் சார்" என்றாள். எந்தக் குரூப் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். "பி.காம். சார்" என்றாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். கெமிஸ்ட்ரி எடுத்தவர்கள் எத்தனையோ பேர் பி.காம். போகிறார்கள்.

மறக்காதது அந்தப் பேப்பர்தான். 18.8-ஐ அவள் கிறுக்கி அழிக்கவில்லை. ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, மேலே 19.6 எழுதியிருந்தாள். மூன்று வரிசையிலும் அப்படியே. அடியில் 18.8 தெளிவாகத் தெரிந்தது. எக்ஸ்டர்னல் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் கேட்டிருப்பார்.

இப்போது பாட்டில்களை முந்தின நாளே கவிழ்த்து வைத்துவிடுகிறேன். "இதை எழுது" என்றும் சொல்வதில்லை. இந்தப் பிப்ரவரியில் ஒரு பையன் 20.4 என்று காட்டினான். மற்றவர்களுக்கு 19.9. "இன்னொரு தடவை பாரு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். திரும்பி வந்தபோது 19.9 என்று எழுதியிருந்தான். கூம்புக் குடுவை காய்ந்து கிடந்ததா, நனைந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை.