சாட்சி சொன்ன இரண்டாவது பதில்

திடப்படுத்தலுக்கு, அதாவது குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தம் விசுவாசத்தைச் சபைக்கு முன் அறிக்கையிடும் சடங்குக்கு, ஆயத்தமாகும் பிள்ளைகளின் ஞானஸ்நான விபரங்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் போதகரிடம் ஒப்படைப்பது உபதேசியாருடைய வேலைகளில் மிகச் சிறியது. பதிவேடு இருக்குமானால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் லுத்தரன் சபையின் பழைய பதிவேடு, வன்னிப் போரின் இடம்பெயர்வில், 2008ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு தகரப் பெட்டிக்குள் தருமபுரம் வரைக்கும் வந்ததென்றும், அதற்கு அப்பால் அதைக் கண்டவர் எவரும் இல்லையென்றும்தான் எனக்குச் சொல்லப்பட்டது. ஆகவே பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும், அவர்கள் இல்லாதவிடத்து உயிரோடிருக்கும் உறவினரையும் இருத்திக் கேட்டு, அவர்கள் சொல்வதைப் புதிய பதிவேட்டில் ஏற்றுவது என் பொறுப்பாயிற்று. பெரும்பாலானவர்கள் திகதி தவறினாலும் மற்றவற்றைத் தடுமாறாமல் சொன்னார்கள். ஒருவருடைய பதிலை மட்டும் எழுதி முடித்த பின்பும் என்னால் விட்டுவிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து, வந்தவர்கள் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், விறாந்தையின் ஓரத்தில் வைத்துத்தான் கேட்டேன். நெல் வெட்டுக் காலம். பகலில் அவரை வீட்டில் பிடிக்க முடியாது. பிள்ளைக்கு அவர் சின்னம்மா. தாய் 2009 சித்திரையில் வலைஞர்மடத்தில் இறந்துபோனார். பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதமும் நிறையவில்லை. தாய் கேட்டுக்கொண்டபடி, அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால், பங்கருக்குள் வைத்துக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிப் பெயர் சூட்டியவர் இந்தச் சின்னம்மாதான். அன்றைக்கு அவருக்குப் பத்தொன்பது வயது. குடிப்பதற்கென்று ஒளித்து வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியால் ஊற்றினாராம்.

"என்ன சொல்லி ஊத்தினீங்கள், பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் எண்டு சொன்னனான் ஐயா."

நான் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினேன். "வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இல்லை ஐயா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி எண்டும் சொன்னனான். மூண்டு தரம் ஊத்தினனான்" என்றார்.

நான் இரண்டாவது பதிலை எழுதினேன்.

முதற்கேள்வியைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அது நானாக உண்டாக்கிய கேள்வி அல்ல. அவசர ஞானஸ்நானம் பெற்ற குழந்தையைச் சபைக்குக் கொண்டுவரும்போது யார் கொடுத்தார், எதனால் கொடுத்தார், எந்த வார்த்தைகளைச் சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார் என்று சாட்சிகளை விசாரிக்கும்படி பதினாறாம் நூற்றாண்டின் லுத்தரன் ஒழுங்குகளே போதகர்களுக்குக் கட்டளையிட்டன. மருத்துவிச்சிகள் வீடுகளில் வைத்தே சாகுந்தறுவாயிலிருந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த காலத்தின் கேள்விகள் அவை. தண்ணீரும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லும் வார்த்தையும் இருந்தனவா என்பதுதான் அவற்றின் சாரம். கொடுத்தவரின் தகுதியைப் பற்றி அவை அலட்டிக்கொள்வதில்லை.

இந்த இடத்தில் என்னுடைய நிலையையும் சொல்லவேண்டும். எங்கள் போதகர் பல சபைகளைப் பார்ப்பவர். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களிடம் வருவார். அந்த ஞாயிறுக்கு முன்பே திருவிருந்தில் சேர விரும்புகிறவர்களின் பெயர்களை எடுத்து வைப்பேன். மற்ற ஞாயிறுகளில் பாவ அறிக்கை, நிருபம், சுவிசேஷம், விசுவாசப் பிரமாணம், ஞானப்பாட்டு, காணிக்கை எல்லாவற்றையும் நானே நடத்தி, போதகர் வட்ஸ்அப்பில் அனுப்பும் பிரசங்கத்தை வாசிப்பேன். ஆனால் அப்பத்தையும் இரசத்தையும் நான் தொடுவதில்லை. முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ சாக்கிரமெந்துகளைப் பரிமாறவோ கூடாதென்று லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டின் அவுஸ்பர்க் விசுவாச அறிக்கை, பதினான்காம் பிரிவில் சொல்கிறது. இத்தனை காலம் சபைக்கு முன் நின்ற எனக்கு இல்லாத உரிமை, மரண ஆபத்து வந்தபோது பத்தொன்பது வயதுப் பெண்ணொருவருக்கு ஒரு போத்தல் மூடித் தண்ணீரோடு கிடைத்துவிட்டது. ஞானஸ்நானம் அப்படிப்பட்டது; திருவிருந்து காத்திருக்கலாம், ஞானஸ்நானம் காத்திருக்க முடியாமல் போகலாம். இதை நான் பொறாமையாகச் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்தப் பெண் செய்ததைச் சிறுமைப்படுத்துகிற எண்ணத்தோடு நான் கேட்கவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

என்னைத் தொந்தரவு செய்வது இரண்டாவது கேள்வி. "வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?" என்பது ஒழுங்கில் இல்லை. ஒரு பதில் குறையாகத் தெரிந்தால் மேலே ஒரு கேள்வி கேட்பது எந்த விசாரணையிலும் வழக்கம்தானே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கேட்காமல் விட்டிருந்தால் அவர் சொல்ல மறந்ததொன்று எழுத்தில் ஏறாமலே போயிருக்கும். மூன்று தரம் ஊற்றினேன் என்பதை அவர் இரண்டாவது பதிலோடு சேர்த்துத்தான் சொன்னார், அதுவும் நான் கேட்காமலே. மூன்று பெயர்களைச் சொல்லாத ஒருவர் எதற்காக மூன்று தரம் ஊற்றவேண்டும்? மலையகத்தில் லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்று, 1977 வன்செயலுக்குப் பிறகு வன்னிக்கு வந்த குடும்பம் அது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை அந்தப் பெண் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறார். கை செய்ததை வாயும் சொல்லியிருக்கும் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது.

ஆனால் இதையே புரட்டியும் பார்க்கலாம். அந்த வார்த்தைகளைச் சொல்லித்தான் ஒவ்வொரு ஞாயிறும் நான் ஆராதனையைத் தொடங்குகிறேன். அவர் முகாமிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் முன்வரிசையில் இருந்து அதைக் கேட்டுவருகிறார். அன்று விறாந்தையில் அவர் எடுத்துச் சொன்னது பங்கருக்குள் தாம் சொன்ன வார்த்தையா, என் குரலில் இத்தனை காலம் கேட்ட வார்த்தையா? இதை அவரிடமே கேட்டாலும் அவரால் பிரித்துச் சொல்ல முடியுமென்று நான் நினைக்கவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அதுவும் எனக்குத் தெரியாது.

அன்றிரவே போதகருக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு பதில்களையும், எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசையிலேயே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள்தான் நேரிலை கேட்டது. உங்களுக்கு எது உண்மையாப் படுகுது?" என்றார். "இரண்டாவது, ஐயா" என்றேன். "அப்ப அதை எழுதுங்கோ" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு இரண்டும் சமமாகப் படுகின்றன என்றோ, எனக்குத் தெரியவில்லை என்றோ நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு இரண்டாவதுதான் உண்மையாகப் பட்டது. இப்போதும் அதிகமான நாட்களில் அப்படித்தான் படுகிறது.

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெற்றவருக்கு மறுபடியும் கொடுப்பது எங்களிடம் பெருந்தவறு. தேவன் செய்ததைச் செய்யாததாக்குவது அது. அதே அளவு தவறு, பெறாத ஒருவரைப் பெற்றவராக நடத்துவது. 'நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால் இப்போது கொடுக்கிறேன்' என்று நிபந்தனை வைத்துக் கொடுக்கும் நடுவழியை, எங்கள் சபை மரபைத் தொடக்கிய சீர்திருத்தவாதியான லுத்தர் ஏற்கவில்லை. அப்படிக் கொடுத்தால் இரண்டில் எது உண்மையானதென்று ஒருவருக்கும் தெரியாமல் போகும். ஆகவே பழைய ஒழுங்குகள் தெளிவாகவே இருந்தன. சாட்சிகள் உறுதியாகச் சொன்னால் ஏற்றுக்கொள்; அந்த இக்கட்டில் தாங்கள் என்ன சொன்னோம் என்ன செய்தோம் என்று தெரியவில்லை என்பார்களானால், அதிகம் தர்க்கம் பண்ணாமல் பெறாதவராக எண்ணி ஞானஸ்நானம் கொடு. நானூற்றைம்பது வருடங்களுக்கும் முன்னால் ஜெர்மனியின் பிரசவ அறைகளுக்கென்று எழுதப்பட்ட அந்த வாக்கியம் வலைஞர்மடத்துப் பங்கருக்கு அப்படியே பொருந்துகிறது. அதை வாசித்தால் எந்தப் பக்கம் போயிருக்கவேண்டும் என்பதில் வேறு ஒருவருக்குச் சந்தேகம் வராது.

எனக்கு வருகிறது. ஏனென்றால் முதற்பதிலே போதுமென்று வாதிடவும் வழியுண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில் இயேசுவின் நாமத்தினால் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்றிருக்கிறது. 1520இல் லுத்தர் எழுதியபோது, வார்த்தைகளின் அமைப்பைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுகிறவர்களைப் பார்த்து, மனிதரின் பெயராலன்றிக் கர்த்தருடைய பெயரால் கொடுக்கப்படுமானால் எந்த விதமாகக் கொடுக்கப்பட்டாலும் அது இரட்சிக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். "ஆண்டவரே" என்றுதானே அந்தப் பெண்ணும் கூப்பிட்டார். ஆனால் மத்தேயு இருபத்தெட்டாம் அதிகாரத்தின் கட்டளைப்படி மூன்று பெயர்களையும் சொல்லுவதையே எங்கள் சபை ஒழுங்கு கேட்கிறது. 1520ஆம் ஆண்டின் அந்த வாதத்தை நம்பிப் பதிவேட்டில் கையெழுத்திட எங்கள் போதகர் சம்மதிக்கமாட்டார், நானும் அவரைக் கேட்கமாட்டேன். முதற்பதில் போதுமென்று உண்மையிலேயே நம்பியிருந்தால் அதையே எழுதியிருப்பேன். எழுதவில்லை என்பதே என் நம்பிக்கையின் அளவைக் காட்டிவிடுகிறது.

உள்ளதைச் சொல்வதானால், அந்தக் கணத்தில் நான் பிள்ளையை நினைக்கவில்லை, சின்னம்மாவைத்தான் நினைத்தேன். குருத்தோலை ஞாயிறன்று சபைக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் பாடகர் குழு பாடியிருக்கும், எல்லாருக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். தமக்கை கேட்டுக்கொண்ட கடைசிக் காரியத்தைத் தான் சரியாகச் செய்யவில்லை என்று சபையே சொல்லிவிட்டதாக ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போயிருப்பார். அப்படி எவரும் சொல்லவில்லை, இது நிச்சயத்துக்காக மட்டுமே என்று நான் எத்தனை விளக்கம் கொடுத்தாலும் அது அவருக்குள் இறங்கியிருக்காது. ஒரு உபதேசியார் இதை எண்ணிப் பார்ப்பது சரிதான். ஆனால் ஞானஸ்நானம் சின்னம்மாவுக்கு ஆறுதல் கொடுப்பதற்காக ஏற்படுத்தப்பட்டதல்லவே.

சனிக்கிழமை வகுப்பில் லுத்தர் கேள்வி பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் ஞானஸ்நானத்தைப் பற்றிய நாலாம் பகுதியைப் பாராமற் சொல்லவேண்டியிருந்தது. தண்ணீர் எப்படி இவ்வளவு பெரிய காரியங்களைச் செய்யும் என்ற கேள்வி அந்தப் பிள்ளையின் முறைக்கு வந்தது. தண்ணீர் செய்கிறதில்லை, தண்ணீரோடிருக்கும் தேவவார்த்தையும் அதை நம்புகிற விசுவாசமுமே செய்கின்றன. தேவவார்த்தை இல்லாவிட்டால் தண்ணீர் வெறுந்தண்ணீரே, அது ஞானஸ்நானமன்று என்று ஓரெழுத்துப் பிசகாமல் சொன்னாள். நான் அடுத்த பிள்ளையைக் கேட்டேன். லுத்தர் பெரிய ஞானோபதேசத்தில், பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது 'ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன்' என்று சொல்லவேண்டும் என்கிறார். அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் எத்தனையோ தரம் அப்படிச் சொல்லவேண்டிவரும். அவள் சொல்லும்போது அவள் காலுக்குக் கீழே இருப்பது சின்னம்மாவின் இரண்டாவது பதிலும் என்னுடைய ஒரு சொல்லும். இது அவளுக்குத் தெரியாது. தெரியப்படுத்துவது நேர்மை என்று சில நாட்களில் தோன்றும். என் சந்தேகத்தை ஒரு பிள்ளையின் தலையில் இறக்கி வைப்பது நேர்மையாகாது என்று மற்ற நாட்களில் தோன்றும். இதுவரைக்கும் சொல்லவில்லை.

திடப்படுத்தல் முடிந்து சில கிழமைகளுக்குப் பின், ஆலயம் கூட்ட வந்த சனிக்கிழமையன்று சின்னம்மா பதிவேடு இருந்த மேசைக்குக் கிட்ட வந்து, "ஐயா, நான் முதல் சொன்னதையும் எழுதினீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எழுதேல்லையோ" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழுதாதது அவருக்கு நிம்மதியா, எழுதியிருக்கலாம் என்று நினைத்தாரா, அந்தக் குரலிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. திருப்பிக் கேட்பதற்கு நான் வாயெடுத்தேன்; முன்பு ஒருதரம் திருப்பிக் கேட்டதன் பலனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று விட்டுவிட்டேன்.

என் கேள்வி முறையில் பிழையில்லை என்பதே இன்றும் என் நிலைப்பாடு. என்றாலும் அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்பதில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று விட்டுவிட்டு, கொப்பியை மூடி வைத்துக்கொண்டு கேட்கிறேன். அவ்விதமாக ஒருவரிடம் கேட்டபோது, அவர் தம் மகனுக்குத் தாமே இரணைப்பாலையில் தண்ணீர் தெளித்ததை நெடுநேரம் விபரித்துவிட்டு, "என்ன சொன்னனான் எண்டு தெரியேல்லை, உபதேசியார். ஏதோ சொல்லிக் குழறினனான்" என்று தாமாகவே முடித்தார். போதகர் அடுத்த வருகையில் அந்தப் பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தகப்பன் பக்கத்திலேயே நின்றார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லாருக்கும் லட்டுக் கொடுத்துக்கொண்டு, இந்தத் தடவை சாட்சிக்கு எத்தனை பேர் என்று சிரித்தார். அவருக்கு அது ஒரு பாரமாகவே படவில்லை. சின்னம்மாவும் ஒரு லட்டு எடுத்துக்கொண்டு, ஞானப்பெற்றோர் எங்கே கையெழுத்து வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.