"ஐயோ பாவம்"னு இங்கிலீஷ்ல எப்படி சொல்றது?

நாம பேசற இங்கிலீஷ்ல கிராமர் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா இரக்கம் பரிதாபம்னு வர்ற இடத்துல வார்த்தை மாறிப்போச்சுன்னா கேக்கறவங்க மனசு நொந்துடும். அதுலயும் இந்த பிட்டி இருக்கே, டிக்ஷனரில பாத்தா இரக்கம்னுதான் போட்டிருக்கும், நாமளும் அத நம்பி எடுத்து விட்டுடறோம்.

நான் கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கேன், புதுசா வர்ற பசங்க எழுதற மெயில அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சுப் பாக்கறதும் என் வேலைதான். அமெரிக்கால இருந்து ஒரு அம்மா, வீட்டுக்காரர் தவறிட்டார், அக்கவுண்ட்ட என் பேருக்கு மாத்தணும்னு எழுதியிருந்தாங்க. டீம்ல ஒரு தம்பி ரிப்ளை ரெடி பண்ணி வெச்சிருந்தான், முதல் வரியே "ஐ பிட்டி யூ மேடம்". "பாவம்க்கா அவங்க, அதான் அப்படி ஆரம்பிச்சேன்"னான். அவன் மனசுல துளி கெட்ட எண்ணம் இல்ல. ஆனா இங்கிலீஷ்ல ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா ஐ பிட்டி யூன்னு சொல்றது பெரும்பாலும் சண்டைலதான், "உன் பொழப்பப் பாத்தா எனக்கே கேவலமா இருக்கு"ங்கற தொனி அதுல வந்துடும். அத எடுத்துட்டு "ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்"னு போடச் சொன்னேன். "நாம என்னக்கா தப்பு பண்ணோம், எதுக்கு சாரி?"ன்னு கேட்டான் பாருங்க, நல்ல கேள்வி. சாரின்னா மன்னிப்புன்னு மட்டுமே நமக்குப் பழகிடுச்சு, ஆனா அந்த வார்த்தை வந்ததே புண், வலின்னு அர்த்தம் வர்ற சோர்ங்கற சொல்லோட வேர்ல இருந்துதான், மனசு வலிக்குதுங்கறதுதான் அதோட பழைய அர்த்தம்.

இத்தனைக்கும் பிட்டி நல்ல குடும்பத்துல பொறந்த வார்த்தை. லத்தீன்ல பியெட்டாஸ்னா தெய்வத்துக்கும் பெத்தவங்களுக்கும் செய்ய வேண்டிய கடமை, பக்தி. பக்தின்னு அர்த்தம் வர்ற பயட்டியும் இதுவும் ஒரே வேர்தான். வாடிகன்ல மைக்கலாஞ்சலோ செதுக்கின, செத்துப்போன மகன மடில போட்டுகிட்டிருக்கற மேரி சிலைக்கு பியெட்டான்னுதான் பேரு, அதப் பாத்து யாருக்காவது எளக்காரமா தோணுமா? ஆனா காலப்போக்குல பிட்டின்னா கரைல நிக்கறவன் தண்ணில தத்தளிக்கறவனப் பாக்கற பார்வைன்னு ஆயிடுச்சு. 1992ல லண்டன்ல மாற்றுத்திறனாளிங்க, தங்களப் பரிதாபமா காட்டி டிவில நிதி திரட்டறாங்கன்னு போராட்டமே நடத்துனாங்க, பிட்டி மேல காறித் துப்பற மாதிரி ஒரு கோஷத்த டீ ஷர்ட்ல போட்டுகிட்டு. அவங்க கேட்டது உரிமை. அந்தக் கோபம் ரொம்ப நியாயம்னுதான் நான் சொல்வேன்.

நடந்த விஷயத்துக்கு பிட்டி சொன்னா பிரச்சனையே இல்ல. "வாட் எ பிட்டி, மழையால மேட்ச் நின்னுடுச்சு"ன்னா வெறும் அடடாதான். ஆள நோக்கி சொல்லும்போதுதான் குத்தும்.

பத்தெட்டிக்கும் இதே கதி. ஒரு காலத்துல மனச உருக்கறதுன்னு அர்த்தம், இப்ப முக்காவாசி திட்டுதான். நம்மூர்ல ஆஸ்பத்திரில இருக்கறவங்களப் பாத்துட்டு வந்து "கண்டிஷன் ரொம்ப பத்தெட்டிக்"னு சாதாரணமா சொல்றோம், வெளிநாட்டுக்காரங்க கிட்ட மட்டும் தயவுசெஞ்சு வேணாம்.

சிம்பதில இன்னொரு கூத்து. "உன் சிம்பதி எனக்குத் தேவையில்ல", "சிம்பதி கிரியேட் பண்றான்"னு நாம தமிழ்ல பேசும்போது, வெள்ளைக்காரங்க பிட்டிக்கு வெச்சிருக்கற எடத்துல சிம்பதிய கொண்டுபோய் வெச்சுட்டோம். 1984ல இந்திரா காந்தி கொலைக்கப்புறம் ராஜீவ் ஜெயிச்ச தேர்தல்ல இருந்து அனுதாப அலைன்னு பேசிப் பேசி அந்த வார்த்தைக்கே அரசியல் வாடை வந்துடுச்சு. ஆனா அங்க துக்க கார்டுல அச்சடிக்கறதே அதான், கூட சேர்ந்து வருந்தறதுதான் அதோட அர்த்தம். அதனால தாராளமா எழுதலாம்.

எம்பதி இவங்கள்ல கடைக்குட்டி, 1909 வாக்குல டிட்ச்னர்ங்கற சைக்காலஜிஸ்ட் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு இணையா இங்கிலீஷ்ல உருவாக்கினது. அடுத்தவங்க எடத்துல நின்னு உணர்றது. இப்ப சப்போர்ட் ஸ்கிரிப்ட் பூரா "ஐ எம்பதைஸ் வித் யூ"தான், எனக்கு அது சுத்தமா பிடிக்கல. அந்தம்மாவோட பேர் மாத்தற வேலைய அன்னிக்கே முடிச்சுக் குடுத்தா அதுவே போதும்.

மெர்சி முழுக்க வேற கணக்கு, தண்டிக்கற அதிகாரம் இருக்கறவங்க விட்டுக்குடுக்கறது. தூக்கு தண்டனை கைதி ஜனாதிபதிக்கு எழுதறது அதனாலதான் மெர்சி பெட்டிஷன், கருணை மனு. காய்ச்சல்ல கிடக்கற ஃப்ரெண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்களுக்கு "ஓ யூ பூர் திங்" போதும், நம்ம ஐயோ பாவத்துக்கு ரொம்ப கிட்ட வர்றது அதுதான், ஆனா நல்லா பழகினவங்க கிட்டயும் சின்னப் பசங்க கிட்டயும் மட்டும். மேனேஜர் கிட்ட சொல்லிடாதீங்க.